சித்திக்குள் நடந்தவர்

சித்திக்கு வேலை, காது சோதிப்பது. யாருக்கு எவ்வளவு கேட்கிறது, எந்தக் காதில் குறை என்று சோதித்துச் சொல்வாள். அதற்கென்று சத்தம் புகாத ஓர் அறை இருக்கிறது. சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை. கதவைச் சாத்திவிட்டால் நாம் எச்சில் விழுங்குவதே பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி கேட்கும்.

சித்தி அந்த அறைக்குள் அதிகம் போகமாட்டாள். அதன் கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவதோடு சரி. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் இதயத்தில் உலோக வால்வு வைத்திருந்தார்கள். அதிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வரும். வீட்டில் டிவியை நிறுத்தினால் சித்தி எந்த மூலையில் இருக்கிறாள் என்று தெரிந்துவிடும்.

"மாட்டுக்கு மணி கட்டின மாதிரி கட்டி விட்டுட்டானுங்கடா. ஒளிஞ்சு ஒரு பிஸ்கட் தின்ன முடியுதா?" என்பாள்.

ஒரு நாள் நாலு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். காதில் எதையும் மாட்ட விடவில்லை. அம்மா மடியிலும் இருக்கவில்லை. நேரே வந்து சித்தி மடியில் ஏறிக்கொண்டாள். சரி என்று சித்தியே அவளோடு உள்ளே உட்கார்ந்தாள். கூட வேலை பார்க்கும் பெண் வெளியிலிருந்து ஸ்பீக்கரில் சத்தம் அனுப்ப வேண்டும். சத்தம் கேட்கும்போதெல்லாம் குழந்தை ஒரு மர உருண்டையை எடுத்து டப்பாவில் போட வேண்டும். அதுதான் சோதனை.

குழந்தை போட்டாள். ஒன்று. உடனே இன்னொன்று. கொஞ்சம் பொறுத்து ஒன்று. பிறகு மளமளவென்று மூன்று.

"அக்கா, நான் இன்னும் ஒண்ணுகூட அனுப்பலையே!" என்றாள் வெளியே இருந்தவள், மைக்கில்.

குழந்தை சித்தியின் மார்பில் காதை ஒட்டியபடியே சொன்னாள்: "உள்ள யாரோ நடக்கிறாங்க. நின்னு நின்னு நடக்கிறாங்க."

அடுத்த நாளே ஆஸ்பத்திரி. அந்த டாக்டர் மூச்சுக்கு ஒரு 'சரியா' போடுகிறவர். "வால்வு நல்லா இருக்கு, சரியா? தையல் போட்ட ஓரமா கொஞ்சம் ரத்தம் கசியுது. சின்னதுதான், எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கிட்டே இருக்கலாம், சரியா? ஆனா துடிப்பு தாறுமாறா இருக்கு. இப்படியே விட்டா இதயம் களைச்சுப் போயிடும். மாத்திரைக்கு அடங்கலைன்னா மயக்கம் குடுத்து ஒரு ஷாக் வைப்போம், ஒழுங்காயிடும். சரியா?"

மாத்திரைக்கு அடங்கவில்லை. ஷாக்குக்குச் சித்தி ஒத்துக்கொள்ளவில்லை.

"நெஞ்சையே பிளந்து காட்டிட்டு வந்தவ, ஒரு கரண்ட்டுக்குப் பயப்படுறியேடி!" என்று அம்மா கத்தினாள். சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாடிப்படி ஏறினால் மூன்றாம் படியில் நின்றாள்.

இதற்குள் அவளுக்குப் புதுப் பழக்கம் ஒன்று வந்திருந்தது. மதிய இடைவேளையில் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு நாள் டிபன் டப்பாவைக் கொடுக்கப் போன என்னையும் உள்ளே இழுத்து உட்கார வைத்தாள்.

"பேசாம கேளு."

கேட்டேன். டிக். டிக்டிக். நின்றது. டிக். எனக்கு எல்லோர் நடையும் அத்துப்படி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இறந்துபோன சித்தப்பாவுக்கு ஒரு கால் சூம்பியிருக்கும், கைத்தடி வேறு. அவர் எதிரிலேயே அப்படி நடந்து காட்டி அந்தக் கைத்தடியாலேயே வாங்கியிருக்கிறேன். அதனால் என்னால் மறுக்க முடியவில்லை. அது அவர் நடைதான். கால், தடி, ஒரு மூச்சு, மறுபடி கால்.

"இதைப் போய் நிறுத்தச் சொல்றாங்கடா உங்கம்மா" என்றாள் சித்தி.

"சித்தி, அது உங்க உசுருக்கு..."

"தெரியும். உனக்குக் கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சு."

அன்றிலிருந்து நானும் தினமும் போனேன். இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு, வருகிறவருக்காகக் காத்திருப்பது போல உட்கார்ந்திருப்போம்.

ஒரு மதியம் அந்த நடை திடீரென்று வேகமெடுத்தது. டிக்டிக்டிக்டிக் என்று யாரையோ துரத்திக்கொண்டு போவது மாதிரி. சித்தியின் நெற்றி வியர்த்துவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அவர் ஓடமாட்டார்டா."

"சித்தி, எழுந்திருங்க, வெளிய போலாம்."

"பஸ் கிளம்பினாலும் ஓடமாட்டார். நாய் துரத்தினப்பவே நின்னு அதுகிட்ட நியாயம் பேசின மனுஷன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அப்போ இத்தனை நாளா நான் கதவைச் சாத்திக்கிட்டு யார்கூடடா உட்கார்ந்திருந்தேன்?"

நான் எழுந்து கதவைத் திறந்தேன்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. இதை வெளிய அனுப்பச் சொல்லு" என்றாள்.

தொண்டை வழியாகக் குழாய் விட்டு, இதயத்தில் ரத்தக்கட்டி இல்லை என்று பார்த்தார்கள். பிறகு தூங்க வைத்து ஒரே ஒரு ஷாக். "ஒழுங்காயிடுச்சு, சரியா? துடிப்பு மறுபடி தப்பினாலும் தப்பலாம். கசிவு அப்படியேதான் இருக்கு, ஆறு மாசத்துல பார்ப்போம், சரியா?" என்றார் டாக்டர். சித்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

மறுநாள் வீட்டில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மூச்சு சீராக இருந்தது. டிக், டிக், டிக். அளந்து வைத்த மாதிரி.

"எவ்வளவு அழகா அடிக்குது பாரு! பள்ளிக்கூடப் பிள்ளைங்க வரிசையில போற மாதிரி" என்று பூரித்தபடி அம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அவள் போனதும் சித்தி கேட்டாள். "ஓடினதனாலதானே அது அவர் இல்லேன்னு அனுப்பி வச்சேன்?"

"ஆமா சித்தி."

பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அங்க போனதும் அவருக்குக் கால் சரியாகியிருந்தா? எனக்கு ஓடிக் காட்டணும்னு வந்திருந்தா?"