பீபி நகர்த்திய பொம்மை

இது நடந்தது. எனக்கு நடந்தது. படித்த பெண் பேய்க்கதை அளக்கிறாள் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். சிரிப்பு எனக்குப் புதிதல்ல.

2009 ஜூலை. பர்மாவில் யாங்கோன் நகரம், பசுந்தாங் பகுதியில் ஒரு தமிழ்ப் பள்ளி. பினாங்கிலிருந்து பொன்னுத்துரை என்ற ஓவியர் வந்து, களிமண் பொம்மைகளை வைத்துப் படமெடுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பொம்மையை நகத்தளவு நகர்த்த வேண்டும். கையை எடுக்க வேண்டும். ஒரு க்ளிக். மறுபடி நகத்தளவு. எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் பொம்மை நடக்கும். நான் தற்காலிக ஆசிரியை. பிள்ளைகளுக்குச் சயாமா, அதாவது டீச்சர்; அவருக்கு எடுபிடி. சனிக்கிழமை பெற்றோர் முன்னால் படம் ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். பள்ளித் தலைவர் அப்படித்தான் சொன்னார்.

கையை எடுக்கும்போதெல்லாம் பிள்ளைகள் "பீபி" என்பார்கள்.

"யாரும்மா அந்த பீபி? எல்லா வேலையும் அவ தலையிலதானா?" என்றார் பொன்னுத்துரை சார்.

"ஆள் இல்ல சார். பர்மாப் பேச்சுல பீபின்னா முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம்." நான் சிரித்தேன்.

பிள்ளைகள் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. விடாத மழை. பிள்ளைகள் போய்விட்டார்கள். ஒரு காட்சி மிச்சம். பொம்மைச் சிறுமி வாசலிலிருந்து பெஞ்சு வரை நடக்க வேண்டும். மாலை ஆறு நாற்பதுக்கு மின்சாரம் போனது. மாற்றுப் பேட்டரிக்குச் சார்ஜ் போட, ஜெனரேட்டர் ஓடும் கடையைத் தேடி சார் கீழே இறங்கினார்.

நான், டார்ச், கேமரா.

நகர்த்தினேன். கையை எடுத்தேன். பழக்கத்தில் வாய் சொன்னது: "பீபி." க்ளிக்.

மறுபடி குனிந்தேன். பொம்மை ஏற்கெனவே நகர்ந்திருந்தது. நகத்தளவு.

மூன்று நாள் தூக்கமில்லை. நான்தான் நகர்த்தி மறந்திருப்பேன்.

"பீபி." க்ளிக்.

ஸ்ஸ்ஸ்... பலகையில் களிமண் உரசியது.

இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். கண்ணெதிரே பொம்மையின் இடது கால் முன்னால் வந்தது.

ஓடியிருக்கலாம். ஓடினால் படம் இல்லை. படம் இல்லையென்றால் வேலை இல்லை. பயப்படக்கூட வசதி வேண்டும்.

"பீபி."

க்ளிக்.

"பீபி."

க்ளிக்.

முழங்கைப் பக்கத்தில் மூச்சு... சின்ன மூச்சு.

பொம்மை பெஞ்சில் உட்கார்ந்தது.

மழைச் சத்தம் மட்டும்...

சார் திரும்பி வந்தார். "தனியாவாம்மா முடிச்சே?"

"ஆமா சார்."

மறுநாள் படம் ஓடியது. கைதட்டல். பின்வரிசையில் பள்ளி ஆயா வேலம்மா மட்டும் அழுதாள்.

"அந்தப் புள்ள நடந்த மாதிரியே இருக்கு. இடது கால விந்தி விந்தி..."

"எந்தப் புள்ள, அக்கா?"

"மதீனா பீவி. போன வருசப் புயல்ல போயிருச்சு. இதுகளுக்கு 'வி' வராது. பீபி பீபின்னுதான் கூப்புடுங்க."

ஹுஸ்னாவை நிறுத்திக் கேட்டேன். படப்பிடிப்பில் 'பீபி' என்று அதிகம் கத்தியவள் அவள்தான். "முடிஞ்சிருச்சுன்னுதானேடி சொன்னீங்க?"

"இல்ல சயாமா. எங்க முறை முடிஞ்சா அடுத்து அவதானே நகர்த்தணும்."

வேலை நிரந்தரமானது. திங்கட்கிழமை அதே அறை. மூன்றாவது வரிசையில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓராள் இடம் காலி.

நகர்ந்து உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. கரும்பலகையைத் துடைத்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தேன்.