தேசப்பனின் தனி டம்ளர்

1974 ஆடி மாதம். ஆரம்பாக்கத்தில் தேசப்பன் வீட்டு மாடத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளர் தனியாக உட்கார்ந்திருந்தது. அடியில் சிவப்பு பெயிண்ட் பொட்டு. அதை வேறு யாரும் தொடக்கூடாது.

கும்மிடிப்பூண்டி இரும்பாலை வாசலில் இருநூறு பேருக்குக் கோஷம் எடுத்துக் கொடுக்கும் தொண்டை தேசப்பனுடையது. சம்பளத்தன்று ஆந்திரா பார்டர் தாண்டி ஒருத்தியிடம் போய், அந்தத் தொண்டையில் வெட்டை நோயை வாங்கி வந்திருந்தான். பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் குணமாகிவிட்டது என்று அனுப்பியும் விட்டார்கள். தேசப்பன்தான் நோயை மனசிலிருந்து அனுப்பவில்லை. வெயிலில் மப்ளர், மூன்று வேளையும் கொப்பளிக்க உப்புநீர். ஆறு மாதக் கர்ப்பிணி அஞ்சம்மாள், ஏதோ தொண்டைக்கட்டு என்று நம்பி, அதைக் காய்ச்சிக் கொடுத்தாள்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவன் அக்கா கெங்கம்மாள். எட்டாவது வரை படித்தவள்.

"யக்கா, டார்ச் அடிச்சுப் பாரேன். வெள்ளையா இன்னாமோ கீது. கான்சரா?"

"காலைல துன்ன இட்லிடா அது."

"இந்த ஆஸ்பத்திரிச் சீட்டுலயாவது பாரு. கான்சர்னு போட்டுக்கீதா?"

இங்கிலீஷ் அவளுக்கு ஓடவில்லை. எதையும் பின்பக்கம் பார்க்காமல் கீழே வைக்கிற பழக்கமும் அவளுக்கு இல்லை. திருப்பினாள். நர்ஸ் தமிழில் எழுதியிருந்தாள்: 'மனைவியை உடனே அழைத்து வரவும்.' தேதி இருபத்திரண்டு நாள் பழசு.

"இது இன்னாடா?"

"அவளுக்குத் தொண்டை வலியே இல்லியேக்கா. அதான் தனி டம்ளர் வச்சிக்கினு கீறேனே."

"உனக்கு மட்டும் டம்ளர்லயா வந்துச்சு? பாய் ஒண்ணு, டம்ளர் மட்டும் ரெண்டா? வயித்துல புள்ள கீதுடா! போய் அவகிட்ட நீயே சொல்லு. கோஷம் போடுற வாய்தானே?"

போனான். அடுப்படியில் அந்தப் பிரமாதமான குரல் கொசு அளவுக்குத்தான் எழுந்தது. அஞ்சம்மாள் அழவில்லை. கொதித்துக்கொண்டிருந்த உப்புநீரை அவன் கண்ணெதிரே சாக்கடையில் கொட்டினாள்.

மறுநாள் முதல் வண்டியில் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அஞ்சம்மாளுக்கும் நோய் ஒட்டியிருந்தது. டாக்டர் ஊசி போட்டார். "பிரசவத்துக்கு முன்னாடி வந்தீங்களே. இல்லாட்டி குழந்தையோட கண்ணு போயிருக்கும்."

கெங்கம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தேசப்பன் மப்ளரை அவிழ்த்து, வாயை ஆவென்று திறந்துகொண்டு டாக்டர் மேசையருகே நகர்ந்தான்.

"சார், என் தொண்டைய ஒரு தடவ..."

"மூடுய்யா அத," என்றாள் அஞ்சம்மாள். முந்தின நாளிலிருந்து அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.