எடுக்க ஆளில்லாத சட்டை

போன ஞாயிறு மதியம் திண்டுக்கல்லில் ஒரு கவியரங்கம். போருக்கு எதிரான கவிதைகள். நான் இரண்டு நடுவர்களில் ஒருவன். வெளியே நல்ல வெயில், உள்ளே வயிறு நிறையப் பிரியாணி. கண் சொக்காமல் என்ன செய்யும், சொல்லுங்கள்?

மேடையில் ரத்த ஆறு ஓடியது. பிணமலை எழுந்தது. 'ஓலம்' என்ற சொல் மட்டும் ஒன்பது முறை வந்தது. எனக்கோ… ஃபேன் சத்தம் தாலாட்டு மாதிரி இருந்தது.

அப்போது மும்தாஜ் வந்தார். பேகம்பூரில் தையல் கடை வைத்திருப்பவர். காகிதத்தைப் பார்த்து, மெல்லிய குரலில் வாசித்தார்.

'எதிர்வீட்டு மாடியில்
ஒரு சின்னச் சட்டை.
காய்ந்துவிட்டது.
மழையில் நனைந்தது.
மறுபடியும் காய்ந்துவிட்டது.'

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. கவிதையில் ஒரு பெரிய வார்த்தை கிடையாது. கொடியில் காய்ந்த துணியை எடுக்கும்போது வீட்டில் பேசுகிற வார்த்தைகள்தான். ஆனால் அந்த 'மறுபடியும்' இருக்கிறதே… அதற்குள் எத்தனை நாள்! அத்தனை நாளும் அந்த வீட்டில் யாரும் இல்லை.

பக்கத்திலிருந்த நடுவர், ஓய்வுபெற்ற பேராசிரியர், மைக்கைப் பிடித்தார். "நல்லாருக்கும்மா. ஆனா இதுல போர் எங்க இருக்கு?"

மும்தாஜ் எழுந்தார். "குண்டு விழுந்தத நான் பாக்கல சார். எங்க அக்கா சண்ட நடந்த அந்த வெளிநாட்டு ஊர்ல நர்ஸா இருந்தா. தெனமும் போன்ல இதத்தான் சொல்லுவா. சட்ட இன்னும் கெடக்குடீம்பா. அம்புட்டுதான்."

பேராசிரியர் மைக்கை மெதுவாகக் கீழே வைத்தார்.

கூட்டம் முடிந்து, டீ குடிக்கும்போது கேட்டேன். "அக்கா இப்ப எங்கம்மா?"

"ஊருக்கே வந்துட்டா சார். நல்லாருக்கா."

"கவிதைய படிச்சுக் காட்டினீங்களா?"

"காட்டுனேன். சட்ட என்ன கலர்னு எழுதலையேன்னு கேட்டா. மஞ்சளாம்."

"ஏன் எழுதல? நல்லா இருந்திருக்குமே…"

காலி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார். "எழுதிட்டா அது எனக்கும் தெரிஞ்ச பிள்ளையாயிரும்ல சார்."

கவிதையில் இல்லாத அந்த மஞ்சள்தான் இந்த வாரம் முழுக்க என் கண்ணுக்குள்.