பஞ்சமம் இல்லாத எட்டு ஸ்வரம்

12-7-2021 கிட்டார், பழையது: ரூ. 7,200
3-10-2022 பரீட்சைக் கட்டணம்: ரூ. 13,900
9-4-2023 பரீட்சைக் கட்டணம், இரண்டாம் முறை: ரூ. 14,600
18-3-2024 பரீட்சைக் கட்டணம், மூன்றாம் முறை: ரூ. 15,200

இந்த நான்கும் என் மருமகள் மோகனப்ரியா தன் சொந்தப் பணத்தில் கட்டியவை. அவள் நாராயணவனத்துப் பெண். அவள் அப்பாவுக்குக் கரும்பும் கொஞ்சம் மாமரமும் உண்டு. கல்யாணத்துக்கு முன்பே ஒன்பது வருஷம் வீணை படித்திருந்தாள். திருப்பதிக்குப் பக்கத்துப் புத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு ஸ்ரீசிட்டியில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றுக்குப் போய்வந்தாள். கொரோனாவில் அந்த வேலை போயிற்று. வீட்டில் இருந்த மாதங்களில் ஒரு பழைய கிட்டாரை வாங்கி, வீணை தெரிந்த கையை வைத்துக்கொண்டு தானே பழகினாள். 2022 ஜூனில் திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடம் அவளைத் தற்காலிகமாகச் சங்கீத டீச்சராக எடுத்தது.

வேலையோடு ஒரு நிபந்தனையும் வந்தது. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு வெளிநாட்டு போர்டின் பரீட்சைக்கு ஜாஸ் கிட்டார் படிக்கிறார்கள். அதே போர்டின் எட்டாம் கிரேடில் அவளும் தேற வேண்டும். பள்ளியின் நிர்வாகி காஞ்சனா அம்மாள் தெலுங்கில் சொன்னதை அவள் வீட்டில் வந்து அப்படியே சொல்லிக் காட்டினாள்: "எக்ஸாம் பாஸ் அயித்தே பர்மனெண்ட். லேகபோத்தே நேனேமி செப்பலேனு." தேறினால் நிரந்தரம், இல்லாவிட்டால் என்னால் எதுவும் சொல்ல முடியாது என்று அர்த்தம். சென்னையிலிருந்து வேறு ஒருவரைக் கொண்டுவருவார்கள் என்பது அதற்குள் இருந்த அர்த்தம்.

பரீட்சைக்கு உண்டான மற்றதெல்லாம் அவளுக்கு வந்துவிட்டது. வராதது டிமினிஷ்டு. அது ஒரு வகை கார்ட். நான்கு ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் சரியாக மூன்று ஃப்ரெட் இடைவெளி. ஃப்ரெட் என்பது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி, ஒரு ஃப்ரெட் தள்ளினால் அரைப்படி ஏறும். அந்தக் கார்டின்மேல் வாசிக்க எட்டு ஸ்வரம் கொண்ட ஒரு வரிசையும் உண்டு. ஒரு முழுப்படி, ஒரு அரைப்படி என்று மாறி மாறி ஏறும். ஜாஸில் வாத்தியக்காரர் இதைக் கேட்டவுடன் தானாகக் கற்பனை செய்து வாசிக்க வேண்டும்.

அவள் முதலில் செய்தது அந்த எட்டையும் ஸரிகம ஆக்கியது. ஸ, ரி, க, பிறகு இரண்டு மத்யமம், இரண்டு தைவதம், நி. பஞ்சமம் கிடையாது. "எழுபத்திரண்டு மேளத்துல இது எதுலயும் உக்காரல மாமா. ஆனா ராகம் மாதிரிதான் இருக்கு. சஞ்சாரம் புடிச்சிட்டா வந்துரும்," என்றாள். மேளம் என்பது தாய் ராகம், சஞ்சாரம் ஒரு ராகம் போய்வரும் வழி.

ராகம் என்று முடிவு செய்த பிறகு அவள் வழக்கப்படியே உட்கார்ந்தாள். வீணைக்காரர்கள் எவரும் சுருதி இல்லாமல் வாத்தியத்தைத் தொடமாட்டார்கள். சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டுத்தான் கிட்டாரை எடுப்பாள். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை பெட்டி ஸ, ப, ஸ என்று முழங்கிக்கொண்டிருக்கும். எட்டு ஸ்வரத்தையும் பிடித்து, வளைத்து, ஒவ்வொரு தடவையும் அழகாக ஸவில் கொண்டுவந்து நிறுத்துவாள்.

நவம்பரில் சென்னையில் முதல் பரீட்சை. தேறவில்லை. பரீட்சகர் எழுதிய குறிப்பு: ஸ்வரங்கள் சுத்தம், ஆனால் எல்லா வாக்கியமும் ஒரே இடத்துக்குத் திரும்புகிறது, கார்ட் நகரும்போது இவர் நகரவில்லை.

அவள் அழவில்லை. குறிப்பைச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தாள். பஞ்சமம் இல்லாத ஸ்வரவரிசைக்குப் பஞ்சம சுருதி வைத்ததுதான் தப்பு என்று அவளுக்குத் தோன்றியது. பஞ்சமம் வராத ராகத்துக்குப் பெட்டியில் மத்யமத்தை வைப்பது நம் வழக்கம். அதையே செய்தாள். முன்னைவிட இனிமையாக இருந்தது. எனக்கும் இந்த முறை தேறிவிடுவாள் என்றுதான் பட்டது. 2023 மேயில் இரண்டாம் பரீட்சை. மறுபடி தேறவில்லை. குறிப்பும் ஏறக்குறைய அதேதான்.

காஞ்சனா அம்மாள் அடுத்த கல்வியாண்டு முடியும்வரை பார்ப்பதாகச் சொன்னார். அதற்குள் இன்னும் ஒரே ஒரு தடவைதான் பரீட்சை எழுதலாம் என்றார்.

என் மகன் ஹேமநாத் ரேணிகுண்டா ஏர்போர்ட்டிலிருந்து திருமலைக்கு டாக்ஸி ஓட்டுகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சவாரி இல்லாமல் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தான்.

"ஏம்மே, எங்க சுத்தினாலும் கடைசில அதே எடத்துக்கே வந்து நிக்கிற? மலைக்குப் போற பஸ்ஸா அது?" என்றான்.

"ஸவுல நிக்காம வேற எங்க நிக்கிறது?"

"என்னைக் கேட்டா? நான் துணி மடிச்சிக்கினு கீறேன்."

"தெரியாதவங்க மூடிக்கினு மடிக்கணும்."

"அந்த வெள்ளைக்காரன் நகரலைன்னு எழுதிக் குடுத்துட்டான், அவன் மேல காட்ட முடியாத கோவத்த எம்மேல காட்றா நைனா," என்று என்னிடம் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "ரேணிகுண்டா மாதிரி ஒரு ரயிலு ஸ்டேஷனு இருந்தா எங்க வேணாலும் போவலாம். அங்க ஒருத்தனும் வீடு கட்டி உக்கார மாட்டான்."

அவள் கிட்டாரில் அந்த டிமினிஷ்டு கார்டைப் பிடித்தாள். கையின் வடிவத்தை மாற்றாமல் மூன்று ஃப்ரெட் மேலே தள்ளிப் பிடித்தாள். அதே நான்கு ஸ்வரங்கள், வரிசை மட்டும் வேறு. இன்னும் மூன்று ஃப்ரெட் தள்ளினாள். மறுபடி அதே நான்கு. இது அவளுக்கு முன்பே தெரியும், புத்தகத்திலும் இருந்தது. ஆனால் பெட்டி ஒன்றையே ஸ என்று சொல்லிக்கொண்டிருந்ததால் மற்ற மூன்றும் அவள் காதுக்கு என்றைக்கும் க, ம, த ஆகவே கேட்டிருந்தன. அவள் எழுந்துபோய்ச் சுருதிப் பெட்டியை அணைத்தாள்.

"ரேணிகுண்டால இருந்து எத்தினி லைனு?" என்று கேட்டாள்.

"நாலு. அரக்கோணம், கூடூரு, கடப்பா, திருப்பதி வழியா காட்பாடி."

"இதுலயும் நாலு. நாலு ஸ்வரத்துல எதுலேர்ந்து வேணாலும் அரைப்படி ஏறி வேற வேற சுருதிக்குப் போவலாம். இது ஊரில்ல. ஜங்ஷனு."

"நான் சொன்னா மூடிக்கினு மடின்னு சொல்ற," என்றான் ஹேமநாத்.

புரிந்தது ஒரு பொழுதில். காது மாறுவதற்குப் பல மாதம் ஆயிற்று. பெட்டி அணைந்த பிறகும் அவளுக்குள் ஸ ஒலித்துக்கொண்டே இருந்தது. விரல் தானாக அங்கே போய் நின்றது. "பாடத் தெரியாதவளா பொறந்திருந்தா சீக்கிரம் வந்திருக்கும்," என்று சலித்துக்கொண்டாள். அதற்காக விட்டுவிடவில்லை. எட்டு ஸ்வரத்தை ஒவ்வொரு நாளும் வேறு ஒன்றில் தொடங்கினாள். ஹேமநாத் வீட்டில் இருந்தால் அவள் வாசிக்கும் நடுவில் "கூடூரு" என்பான், "காட்பாடி" என்பான். ஊருக்கு ஒரு சுருதி என்று பேசி வைத்திருந்தார்கள். அவள் நிற்காமல் அந்தச் சுருதியில் போய் இறங்க வேண்டும். தப்பினால் "டிக்கெட் இல்லாம எறங்கிட்ட, ஃபைன் கட்டு" என்பான். கோடையில் அவன் சொல்லி முடிப்பதற்குள் இறங்கினாள்.

வீணையை அவள் விடவில்லை. வெள்ளிக்கிழமை வீணைக்குப் பெட்டியைப் போடுவாள், கிட்டாரை எடுக்கும்போது அணைப்பாள். "ரெண்டு வீட்டு மருமவ மாதிரி, அங்க வேற பழக்கம், இங்க வேற," என்றாள்.

2024 மேயில் மூன்றாம் பரீட்சை. பரீட்சகர் பியானோவில் ஒரே டிமினிஷ்டு கார்டை மறுபடி மறுபடி வாசித்து, ஒவ்வொரு தடவையும் எதிர்பாராத சுருதிக்குப் போனாராம். இவளும் கூடவே போனாள். ஒரு தடவை இவள் முதலில் போய்விட்டாள், அவர் பின்னால் வந்தார்.

ஜூலையில் முடிவு வந்தது. நூற்றுக்கு எழுபத்தொன்பது, தேர்ச்சி. பள்ளிக்கூடத்தில் அதைக் கொடுத்தபோது காஞ்சனா அம்மாள் பார்க்கலாம் என்றார். கமிட்டி கூட வேண்டும் என்றார், பிறகு தலைவர் ஊரில் இல்லை என்றார். மோகனப்ரியா ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதல் வகுப்புக்கு முன் ஆபீஸ் அறைக்குப் போய், நின்றபடியே, "மேடம், நா ஆர்டர்?", என் நியமன உத்தரவு என்னாயிற்று, என்று மட்டும் கேட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள். குரலை உயர்த்தவில்லை, ஒரு வாரமும் விடவில்லை. தசரா லீவு முடிந்த திங்கட்கிழமை, அவள் கேட்பதற்கு முன்பே அந்த அம்மாள் "போஸ்ட்டுல ஒஸ்துந்தி, வெள்ளம்மா," என்றார். தபாலில் வருகிறது, போ என்று.

மேற்கத்திய இசை ஆசிரியை, நிரந்தரம் என்று எழுதிய கடிதம் 14-11-2024, வியாழக்கிழமை வந்து சேர்ந்தது.