மொட்டைத் தலைக்கு ஒரு விளக்கம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவினரும் நண்பர்களும் அட்டையிலுள்ள அப்பாவின் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொள்ள வேண்டாம். மூக்கு அவருடையதுதான். மற்றதெல்லாம் அம்மாவின் கைங்கரியம்.

அப்பா ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே அயர்லாந்தில் இருந்த தாய்மாமன் வீட்டுக்கு வாரிசாகப் போனார். மாமன் பெரும் நிலக்கிழார். குடியானவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார்களாம். அப்பா அங்கே அரசியலில் இறங்கினார். அதே குடியானவர்கள் தேர்தலில் அவரைத் தோற்கடிக்க, கோபித்துக்கொண்டு கப்பலேறி, இலங்கையில் றொசல்லவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் துரையாக வந்தார். எங்களிடம் கழற்றத் தொப்பி இல்லை. தலைத்துண்டை அவிழ்த்தோம்.

அம்மா தொழிலாளர் லயத்தில் இருந்து கொழுந்து பறித்தவர். நான் பிறந்ததும் அவரைப் பங்களாப் பூந்தோட்டத்தில் களை பிடுங்க மாற்றினார்கள். அப்பா செய்த கல்யாணம் அவ்வளவுதான். நான் பங்களாக் குசினி அடுப்பருகே வளர்ந்து, அங்கேயே வேலைக்காரனும் ஆனேன்.

சுதந்திரத்துக்குப் பின் துரைமார் சார்பில் அப்பா பாராளுமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். தோட்டத்து மக்களின் குடியுரிமையைப் பறித்த சட்டத்துக்குக் கை தூக்கிவிட்டு வந்தவருக்கு நான்தான் சூப் பரிமாறினேன்.

"லயத்து ஆள் கோவமா இருக்கா?" என்றார், தமக்கே உரிய துரைத் தமிழில்.

"இல்லீங்க தொரை. நாடே இல்லாதவங்க எந்த நாட்டுல நின்னுக்கிட்டுக் கோவப்படுறது?"

மேசை அதிரச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே வருடக்கணக்கில் அவர் முன் கோமாளியாக நின்றேன். சிரித்த வாயோடு ஒருநாள் தவறிப்போயாவது "மகனே" என்று சொல்லிவிட மாட்டாரா என்றொரு பேராசை.

கடைசி நாட்களில் படுக்கையாகிவிட்டார். அயர்லாந்திலிருந்து ஒருவரும் வரவில்லை. துடைத்துவிட்டதும் ஊட்டியதும் நான். பார்க்க வந்த பாதிரியார், "பெத்த புள்ள மாதிரியில்ல பாக்குறான்!" என்றார். அப்பா கண்ணைத் திறந்து என்னை நன்றாகப் பார்த்தார்.

"புள்ளே இல்லே. சிரிப்புக் காட்டுற ஆள்."

நானும் சிரித்தேன். பழக்கதோஷம்.

அடக்கத்தன்று புதுத் துரைக்குக் குடை பிடித்தேன். மறுநாள் காலை போய்த் தலையை மழித்துக்கொண்டு வந்தேன்.

"அவரே புள்ளைன்னு சொல்லல. நீ யாருக்குடா மொட்ட போடுற?" என்றார் அம்மா.

"மூக்கு சொல்லுதேம்மா."

கணக்கப்பிள்ளை ஐயா காதில் ஓதினார்: "பேனுன்னு சொல்லிரு தம்பி. வேல தங்கும்."

புதுத் துரை என் தலையைப் பார்த்து, "என்னா இது?" என்றார். பேன் பற்றி நல்ல பகிடி ஒன்று நாக்கு நுனியில் இருந்தது.

"எங்கப்பா செத்துட்டாருங்க தொரை."

"யாரு அப்பா?"

சுவரிலிருந்த பழைய துரையின் படத்தைக் காட்டினேன். சிரித்தார். பகிடியின் மீதி வரும் என்று சற்றுக் காத்திருந்தார். வரவில்லை. பொழுது சாய்வதற்குள் குசினி அறையைக் காலி செய்யச் சொன்னார்.

தலையை மழித்துவிட்ட சலூன் அண்ணனுக்கும், நான் கேட்காமற்போன நல்ல புத்தியைச் சொன்ன கணக்கப்பிள்ளை ஐயாவுக்கும், என் துணிப்பெட்டியை அம்மாவின் ஒற்றையறை லயத்துக் காம்பராவரை தூக்கிவந்த அயலவர்களுக்கும், பொழுது சாயும்வரை பொறுத்த புதுத் துரைக்கும் எங்கள் நன்றி.

கருமாதிப் படையலுக்கு வந்த காக்கைக்கும் நன்றி. லயத்து வாசலில் சோறும், வறுத்த ஆட்டிறைச்சியும், போத்தலின் அடியில் மிஞ்சிய விஸ்கியும் வைத்திருந்தோம். வந்தது. சோற்றைத் தொடவில்லை. இறைச்சியை மட்டும் கவ்விக்கொண்டு, எங்களைத் திரும்பியும் பாராமல் பங்களாப் பக்கம் பறந்தது.

"அவருதான்டா" என்றார் அம்மா. அதுவரை அழாதவர், அப்போதுதான் அழுதார்.