ஜெராக்ஸ்காரரும் பச்சை வட்டமும்

பல்கலைக்கழக நூலகத்தின் மாடிப்படிக்கு அடியில், ஒரு ஆள் தலை இடிக்காமல் நிற்கக்கூடிய மூலையில், இரண்டு இயந்திரங்களோடு குடித்தனம் நடத்தியவர் ஜெராக்ஸ்காரர். ஒன்று ஒழுங்கானது. இன்னொன்று தாளைத் தின்னும். இரண்டையும் திட்டிக்கொண்டே வேலை செய்வார். அவை மக்கர் பண்ணாத நேரத்தில் மாணவர்களைத் திட்டுவார்.

"நாளைக்கு ஆய்வேட்டைக் குடுக்கணும், இன்னைக்குத் தூக்கிட்டு வர்றே. இத்தனை மாசம் தூங்கிட்டா இருந்தே?"

மாணவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "அண்ணே, இந்தப் பக்கம் அடுப்புக்கரி மாதிரி வந்திருக்கு, இதுக்குக் காசு கிடையாது" என்று திருப்பிக் கொடுப்பார்கள். அவர் முனகிக்கொண்டே கண்ணாடியைத் துடைத்து மறுபடி அடித்துத் தருவார். அந்த வாய்ச்சண்டைதான் அவருக்குச் சம்பளத்துக்கு மேல் கிடைத்த வருமானம்.

பிறகு அவருக்கு இதயத்தில் வால்வு கெட்டது. படி ஏறினால் மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. அறுவை சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி கேட்ட தொகையைக் கேட்டு, தையல் வேலை பார்க்கும் அவர் மனைவி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மாணவர் உதவிக் குழு களத்தில் இறங்கியது. கட்டிலில் சாய்ந்து கிடந்த அவரைப் படம் எடுத்துச் சுவரொட்டி அடித்தார்கள். வகுப்பு வகுப்பாக டப்பாவைக் குலுக்கினார்கள். பணம் சேர்ந்தது, வால்வு மாறியது, மனிதர் பிழைத்தார். அந்தப் பிள்ளைகள் செய்தது பெரிய காரியம். அதில் இரண்டாவது பேச்சே இல்லை.

தொல்லை அவர் திரும்பி வந்த பிறகுதான் தொடங்கியது. யாரும் அவரோடு சண்டை போடவில்லை. பக்கம் கோணலாக வந்தாலும், பாதி எழுத்து காணாமல் போனாலும், "பரவாயில்லண்ணே, நீங்க உடம்பைப் பாத்துக்கங்க" என்று வாங்கிப் போனார்கள். வேண்டுமென்றே ஒருநாள் ஒருவனுக்குத் தலைகீழாக அடித்துக் கொடுத்துப் பார்த்தார். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

உணவு விடுதியில் எண்ணெய்ப் பலகாரம் ஒன்றைக் கையில் எடுத்தால் பேராசிரியர் ஒருவர் தூரத்திலிருந்தே தலையை ஆட்டுவார். புதுக் கைபேசி வாங்கியபோது, "அடேங்கப்பா, நல்லா இருக்கே!" என்றார் அலுவலகத்து அம்மாள். அந்த அடேங்கப்பாவில் இருந்தது பாராட்டு இல்லை. காசு போட்டவர்கள் எல்லோருக்கும் அவருடைய இதயத்தில் ஆளுக்கொரு பங்கு இருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை நிதி திரட்டும் வாரம் வரும். காசு போட்டவரின் சட்டையில் பச்சைக் காகித வட்டம் ஒன்றை ஒட்டிவிடுவார்கள். ஒருவரிடமே இரண்டு தடவை கேட்காமல் இருப்பதற்கான ஏற்பாடு. மதியத்துக்குள் காவலாளியில் இருந்து துணைவேந்தர் வரை எல்லோர் நெஞ்சும் பச்சையாகிவிடும். ஜெராக்ஸ்காரரின் சட்டையைத் தவிர. அவரிடம் கேட்கக்கூடாது என்று குழுவுக்கு உத்தரவு. ஒரு வருடம் அவரே கூப்பிட்டு நோட்டை நீட்டினார். டப்பா வைத்திருந்த பெண் அவர் விரல்களை மடக்கி மூடினாள். "வேண்டாண்ணே, உங்களுக்கே தேவைப்படும்." அன்று சாயங்காலம் அவரை மேடையில் ஏற்றிக் கைதட்டினார்கள்.

வீட்டில் வந்து புலம்பினார். மனைவி நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

"உயிர் குடுத்த பிள்ளைங்க. மேடையில ஏறிச் சிரிச்சா என்ன தேய்ஞ்சா போயிடுவீங்க?"

அவள் சொன்னதும் நியாயம்தான். ஆனால் அவருக்குள் ஏதோ தேய்ந்துகொண்டுதான் இருந்தது. பழையபடி எல்லாரையும்போல ஒரு ஆளாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. அதைக் கேட்டால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவோமோ என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் குழுவுக்குத் தலைவி, எங்கே போனாலும் ஒலிபெருக்கியோடு போவதால் மைக் என்று பெயர் வாங்கியவள். காவலாளியின் மகளுக்குக் கால் அறுவை சிகிச்சை. அதற்கான சுவரொட்டியோடு வந்தாள். கீழே சிறுமியின் படம். மேலே வழக்கம்போல, கட்டிலில் சாய்ந்து கிடக்கும் ஜெராக்ஸ்காரர். அசல் படம் எப்போதோ தொலைந்துவிட்டது. நகலுக்கு நகல், அதற்கும் நகல் என்று எடுத்ததில் வருடத்துக்கு வருடம் முகம் கறுத்து, கண்கள் இரண்டும் குழியாகி, ஆள் இப்போது அடக்கத்துக்குத் தயாராக இருந்தார். அத்தனை நகலையும் அடித்தவர் அவரேதான்.

"இந்தப் படத்தை எடுத்துடலாமாம்மா?"

"ஐயோ, என்னண்ணே! உங்க முகத்தைப் பாத்துதானே எல்லாரும் போடுறாங்க. கொஞ்சம் இருட்டா இருந்தா இன்னும் நல்லது."

அவர் வெள்ளைத் தாள் ஒன்றைக் கத்தரித்து, சுவரொட்டியில் இருந்த தன் படத்தின் மேல் வைத்து, கண்ணாடியில் கவிழ்த்து மூடியை அழுத்தினார். சுவரொட்டி வெளியே வந்தது. சிறுமி இருந்தாள். மேலே வெறும் வெள்ளை.

மைக் திகைத்தாள். "அண்ணே, அந்த இடத்துல நீங்க இருந்தீங்களே?"

"அந்த ஆளு இல்லம்மா. குணமாகிப் போயிட்டான்."

அவள் முகம் சிவந்தது. "நாங்க உங்களுக்காக எவ்வளவு அலைஞ்சோம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். உண்மையில் அலைந்தவர்கள் அவளுக்கு முந்தி படித்துப் போனவர்கள்.

"மறக்கலம்மா. செத்தாலும் மறக்க மாட்டேன். காலம் பூரா கட்டில்லயே படுத்துக் கிடக்கத்தான் முடியல. இந்த வருஷம் எல்லாத்தையும் நான் சும்மாவே அடிச்சுத் தர்றேன்."

"உங்ககிட்டப் போய் சும்மா வாங்க முடியுமாண்ணே?" என்றாள் அவள். கூலியைத் தட்டில் வைத்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, முகம் இல்லாத சுவரொட்டிகளை அள்ளிக்கொண்டு போனாள். அவளுக்கு நிஜமாகவே வலித்திருந்தது. அவருக்கும்தான். அன்றைக்கு முழுவதும் எந்த இயந்திரத்தையும் அவர் திட்டவில்லை.

நிதி வாரம் வந்தது. புதிதாகச் சேர்ந்த முதலாமாண்டுப் பெண் ஒருத்தி டப்பாவோடு நூலகத்துப் பக்கம் வந்தாள். குழுவின் உத்தரவு அவள் காதுக்கு எட்டியிருக்கவில்லை. சுவரொட்டியில் அவர் முகம் இருந்திருந்தால் அதுவாவது சொல்லியிருக்கும். படிக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"என்னண்ணே, ஊரே பச்சையா இருக்கு, நீங்க மட்டும் இருட்டுல ஒளிஞ்சுக்கிட்டு இருக்கீங்க?"

ஜெராக்ஸ்காரர் நிமிர்ந்தார். தலை படியில் இடித்தது.

"நான் ஏன் ஒளியணும்? யாருக்குக் கேக்குறே?"

"வாட்ச்மேன் பொண்ணுக்கு. காலு ஆபரேஷன். போடுங்கண்ணே, ரொம்பத்தான் பண்ணாதீங்க."

அவர் ஒரு நோட்டைப் போட்டார். அவள் டப்பாவின் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"நாள் பூரா கூட்டமா நிக்குது. இவ்வளவுதானா? சரியான கஞ்சம்ண்ணே நீங்க!"

எத்தனையோ காலமாக அவரை யாரும் இப்படித் திட்டியதில்லை. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை மறைக்க, "வாயைப் பாரு வாயை! நாளைக்கு ஆய்வேட்டைத் தூக்கிட்டு எங்கிட்டதானே வரணும், அப்பப் பாத்துக்கறேன்" என்று ஒரு சத்தம் போட்டார். முதலாமாண்டுக்கு ஆய்வேடு கிடையாது என்று சொல்லிச் சிரித்தாள் அவள். அவர் இன்னொரு நோட்டையும் போட்டார். அவள் பச்சை வட்டத்தை உரித்துச் சட்டையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். உள்ளே தழும்பு இருந்த இடம் என்பது அவளுக்குத் தெரியாது.

வீட்டில் துவைக்கச் சட்டையை வாங்கிய மனைவி அதை விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"என்னங்க கூத்து இது, பழைய சட்டைக்கு யாரு விலை ஒட்டினது?"

"விலை இல்ல. காசு போட்டவங்களுக்கு ஒட்டுறது."

"யாரு போட்டா?"

"நான்தான்" என்றார்.