நேர்ச்சை இல்லாத நடை

எங்கள் வீட்டுப் பெண்கள் நடக்கமாட்டார்கள். கால் இல்லாமல் இல்லை. தெருவில் நடந்தால் கௌரவம் போய்விடும். அதற்கென்றே ஒரு புஷ்புஷ் வண்டி வைத்திருந்தோம். இரண்டு ஆட்கள் பின்னாலிருந்து தள்ளுவார்கள். உட்கார்ந்திருப்பவர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். கூப்பிடு தூரத்தில் இருந்த மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவதும் அதில்தான். நான் ஏறும்போது என் கனத்தை நினைத்துத் தள்ளுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது எனக்குத் தெரியாமல் இல்லை. முப்பது வயது தாண்டியபோது, வீட்டு மாடிப்படியில் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவேன்.

வெள்ளைக்கார டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். மருந்து ஒன்றும் எழுதவில்லை. கன்னியாஸ்திரீகளிடம் படித்த பிரெஞ்சு எனக்கு அன்றைக்கு உதவியது. தினமும் காலையில் கடற்கரைப் பாலத்திலிருந்து வடக்கே குருசுக்குப்பம் வரை நடந்து போய்த் திரும்ப வேண்டும். குப்பத்து முனையில் பீடத்தின்மேல் சிலுவை நிற்கிற குருசடிதான் எல்லை, இப்போதைக்கு அதற்கு மேல் வேண்டாம், ஆனால் ஆயுசுக்கும் நடையை விடக்கூடாது என்றார். இப்படியே உட்கார்ந்திருந்தால் நெஞ்சு தாங்காது என்றும் சொன்னார். பக்கத்தில் நின்ற என் கணவரின் முகம் செத்துப்போயிற்று. என் நெஞ்சை நினைத்துத்தான் கலங்குகிறார் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் அவர் கேட்டது இதுதான்:

"தெருவுல எப்படி நடப்ப?"

மற்றவர்கள் எப்படி நடக்கிறார்களோ அப்படித்தான் என்றேன்.

அவர் சர்க்கார் உத்தியோகஸ்தர், ஒரு வழி கண்டுபிடித்தார். நான் நடக்கலாம், ஆனால் காலி வண்டி எனக்குப் பின்னாலேயே வர வேண்டும். யாராவது பார்த்தால், இப்போதுதான் இறங்கினாள், இதோ ஏறிவிடுவாள் என்று நினைத்துக்கொள்வார்களாம். முதல் நாள் பூசைக்குப் போகும்போது போடுகிற செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பின்னால் சக்கரம் கிறீச் கிறீச்சென்று வந்தது. எதிரே குப்பத்துப் பெண்கள் மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். அதில் ஒருத்தி, வண்டி இருக்க இந்த அம்மா ஏன் வேர்த்து வழியுது என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பாதி வழியிலேயே தொடை உரசி எரிந்து, குதிகால் கொப்புளித்து, கடலோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு வண்டியில்தான் வீட்டுக்குப் போனேன். அழுகை வந்தது. அழவில்லை.

மறுநாளும் போனேன். கொப்புளத்துக்குமேல் செருப்பு போட முடியாததால் வெறுங்கால். காற்றுக்காகத் தலையில் முக்காடு. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் கூட்டி, கடைசியில் ஒருநாள் குருசடியைத் தொட்டேன். தொட்டேன் என்பதைவிட அதன்மேல் விழுந்தேன் என்பது சரி. அடிப்பீடத்தைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து, இரைப்பு அடங்கும்வரை அப்படியே நின்றேன். சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரிக்கலாம் போலிருந்தது. மூச்சுதான் இல்லை.

ஊருக்கு அது போதாதா? கல்யாணமாகிப் பல வருஷமாகப் பிள்ளையில்லாதவள், பெரிய வீட்டு மருமகள், வெறுங்காலோடு முக்காடு போட்டுக்கொண்டு தினமும் குருசடிக்குப் போய்க் குனிந்து நிற்கிறாள். பிள்ளை வரம் கேட்டு நேர்ச்சை! ஒரே வாரத்தில் கோயில் தெரு முழுக்கப் பரவிவிட்டது. அதுவரை ஜன்னலுக்குப் பின்னால் நின்று கிசுகிசுத்தவர்கள் வாசலுக்கு வந்து கும்பிட்டார்கள். தங்களுக்காகவும் குருசடியில் ஏற்றச் சொல்லி என் கையில் மெழுகுவத்தி கொடுத்தார்கள். நான் தெருவில் இறங்கிய நாளிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்தியிருந்த மாமியார், நான் திரும்பி வரும் நேரத்துக்குக் கஞ்சி வைத்துக் காத்திருந்தார். நேர்ச்சைக்கு நடப்பது கௌரவம் ஆயிற்றே, பின்னால் வண்டி வருவதும் நின்றது. என் கணவருக்கு முகமெல்லாம் பல். நல்லதாகப் போயிற்று, நீ வாயைத் திறக்காதே என்றார்.

எனக்கு அந்தக் கஞ்சி தொண்டையில் இறங்கவில்லை. என் நெஞ்சு நின்றுபோகும் என்று டாக்டர் சொன்னபோது இந்தக் கஞ்சி எங்கே போயிருந்தது? பிறக்காத பிள்ளைக்காக நடந்தால் கும்பிடு, உயிரோடிருக்கிற எனக்காக நடந்தால் கேவலமா? அதோடு, நேர்ச்சை என்றால் முடிகிற நாள் ஒன்று உண்டு. ஆகஸ்ட் மாதத்து மாதா திருநாளோடு என் நேர்ச்சை முடிகிறது என்று மாமியார் அவராகவே முடிவு செய்துவிட்டார். அதற்குப் பிறகு நான் பழையபடி வண்டியில் ஏறிவிட வேண்டும். பிள்ளை பிறக்காவிட்டால் அதுவும் என் தலையில்தான் விடியும். படிக்கட்டில் பாதியில் நிற்கிறவளாக மறுபடியும் ஆவதற்கு நான் தயாராக இல்லை.

திருநாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் முற்றத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, மருமகளின் நேர்ச்சை இந்த வாரம் முடிகிறது, எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள் என்றார். நான் கையை விடுவித்துக்கொண்டேன்.

"நான் ஒரு நேர்ச்சையும் நேர்ந்துக்கல. மூச்சு வாங்குது, உடம்பு குறையணும், அதுக்குத்தான் நடக்கறேன். திருநாள் முடிஞ்சும் நடப்பேன்."

"அப்ப புள்ளைக்காக இல்லியா?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

"இல்ல. எனக்காக."

ஏற்றாமல் மீதியிருந்த மெழுகுவத்திகளை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தேன். ஒருத்தி வாங்கிக்கொண்டு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மாமியார் தனியாக வண்டியில் ஏறிப் போனார். நான் வீட்டுக்கு நடந்து போனேன்.

மறுநாள் காலை பின்னால் மறுபடியும் சக்கரச் சத்தம். திரும்பிப் பார்த்தால் வண்டியில் என் கணவரே உட்கார்ந்திருந்தார், கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு. பாலத்திலிருந்து குருசடி வரை என் பின்னாலேயே வந்தார். குருசடியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, "போதும், ஏறு" என்றார். தள்ளுகிறவர்கள் இருவரும் கடலைப் பார்த்தார்கள்.

டாக்டர் சொன்ன எல்லை அதுதான். வழக்கமாக அங்கேதான் திரும்புவேன். அன்று திரும்பவில்லை. குருசடியைத் தொடாமல், நிற்காமல், அதைத் தாண்டி பிள்ளைச்சாவடிப் பக்கம் போகிற மணல் தடத்தில் இறங்கினேன். மணலில் சக்கரம் ஓடாது. அவர் கூப்பிட்டது காதில் விழுந்தது. கால் புதையப் புதைய நடந்தேன். இரைக்கத்தான் இரைத்தது, பயமாகவும் இருந்தது. கட்டுமரங்களைக் கரையேற்றி வைத்திருந்த இடம் வரை போய்விட்டுத்தான் திரும்பினேன். அவர் அதே இடத்தில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் அவரைத் தாண்டி நடந்தேன். பின்னால் சக்கரம் மெதுவாகக் கிளம்பியது.

திருநாள் வந்தது, போனது. மறுநாள் விடிந்ததும் பாலத்துக்குப் போனேன். அதற்குப் பிறகும் போய்க்கொண்டேதான் இருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அவளுடைய நேர்ச்சை பலிக்கவில்லை என்று சொல்ல எத்தனையோ வாய்கள் காத்திருந்தன. ஒன்றாலும் சொல்ல முடியவில்லை. நான் நேர்ந்துகொள்ளவே இல்லையே. மாடிப்படியில் மட்டும் இப்போது நடுவில் நிற்பதில்லை.